பட் சமிட்: ஒரு கதிரையின் வரலாறு

1098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டுத் தேசியச் சம்பியன் பட்டங்கள். அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணியை 38 பருவங்கள் நடத்திய பட் சமிட்டைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் இந்த எண்களில் தொடங்கி, அவருடைய கடும் பார்வையில் முடித்துவிடுவார்கள். நாங்கள் கேட்க விரும்புவது வேறு. பயிற்றுவிப்பாளர் என்ற அந்தக் கதிரை 22 வயதுப் பெண் ஒருவருக்கு எப்படிக் கிடைத்தது? பிறகு வந்த பெண்களுக்கும் அது கிடைத்ததா?

சமிட் 1952இல் டெனசி மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று அண்ணன்மாரோடு விளையாடி வளர்ந்தார். ஊர்ப் பாடசாலையில் பெண்கள் அணி இல்லை என்பதால் தகப்பன் குடும்பத்தையே பக்கத்து ஊருக்கு மாற்றினார். ஆனாலும் பல்கலைக்கழகம் போகிற நேரம் அண்ணன்மாருக்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்தது, இவருக்கு இல்லை. இவர் படித்த இடத்தில் பெண்களுக்கு அப்படி ஒன்று இருக்கவேயில்லை. பெற்றோர்தான் காசு கட்டினார்கள்.

1974இல் மேற்படிப்புக்காக டெனசி பல்கலைக்கழகத்துக்கு வந்தவரிடம் பெண்கள் அணியின் தலைமைப் பொறுப்பே வந்து சேர்ந்தது. மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் உடுப்புகளைத் தோய்த்ததும் அவர்தான், வான் ஓடினதும் அவர்தான். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோல்வி. இந்தக் காட்சியைத் தியாகக் கதையாக மட்டும் வாசித்தால் ஒன்றைத் தவறவிடுவோம். காசும் மதிப்பும் இல்லாத கதிரை என்றபடியால்தான் அது அவ்வளவு இலகுவாக ஒரு இளம் பெண்ணிடம் வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்களாலேயே பயிற்றுவிக்கப்பட்டன.

இதற்கிடையில் 1972இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்திருந்தது. அரச நிதி பெறுகிற கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்தாலும் ஆடுகளம் உடனே மாறவில்லை. டெனசிப் பாடசாலைகளில் பெண்கள் ஒரு அணிக்கு ஆறு பேராக ஆடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் தாக்க மட்டும், மற்ற மூன்று பேர் மறு பாதியில் தடுக்க மட்டும். நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. எங்கட பள்ளிக்கூடங்களில் வலைப்பந்தாட்டம் ஆடினவர்களுக்கு இது விளங்கும். கூடைப்பந்தில் இருந்து பெண்களுக்கெனப் பிரிந்து வந்த விளையாட்டுத்தான் அதுவும், இன்றைக்கும் ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள்ளேதான் நிற்க வேண்டும். டெனசியில் தடுப்பாட்டக்காரியாக இருந்த ஒரு மாணவி, கூடைக்குப் பந்தே எறியாமல் எனக்கு எப்படிப் புலமைப்பரிசில் கிடைக்கும் என்று வழக்குப் போட்டார். 1976இல் வென்றார், 1977இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. முழு ஆடுகளத்துக்கு மாறும்படி சமிட்டும் அழுத்தம் கொடுத்தார். 1979இல் விதி மாறியது.

விளையாட்டு வீராங்கனையாக 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற சமிட், 1984இல் பயிற்றுவிப்பாளராகத் தங்கம் வென்றார். 1987 முதல் 2008 வரை எட்டுப் பட்டங்கள். 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்களும் வெற்றி. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த எல்லாரும் பட்டதாரிகளாகவே வெளியேறினார்கள்.

இப்ப மறுபக்கம். 1982இல் என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய விளையாட்டு அமைப்பு பெண்களுக்கான கூடைப்பந்தாட்டப் போட்டியைத் தொடங்கியது. அதுவரை அதை நடத்திய, பெண்களே நிர்வகித்த சங்கம் அதோடு இல்லாமல் போனது. சம்பளமும் தொலைக்காட்சியும் வந்தன, கூடவே ஆண்களும் வந்தார்கள். 2014 அளவில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரிப் பெண்கள் அணிகளில் பெண்களால் பயிற்றுவிக்கப்பட்டவை 43 வீதம் அளவில்தான். ஆடுகிற பெண்களின் தொகை பல மடங்கு கூடின அதே காலத்தில் பயிற்றுவிக்கிற பெண்களின் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் போனார்களா என்றால், அந்தக் கதவு பெரிதாகத் திறக்கவில்லை.

அதனால்தான் சமிட்டின் பட்டங்களை விட, அவருக்குப் பிறகு அந்தக் கதிரையில் யார் இருந்தார்கள் என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. 2011 ஓகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். உதவியாளர்களின் துணையோடு மேலும் ஒரு பருவம் நின்றுவிட்டு 2012இல் விலகினார். பொறுப்பெடுத்த ஹொலி வோர்லிக் அவருடைய பழைய மாணவி. 2019இல் வந்த கெலி ஹாப்பரும் அப்படித்தான். 2016 யூன் 28இல் சமிட் இறந்தபோது அவரிடம் ஆடிய பல பெண்கள் பயிற்றுவிப்பாளர்களாக இருந்தார்கள். சட்டம் ஆடுகளத்தைத் திறந்தது. கதிரைகளைப் பெண்களின் கையில் வைத்திருக்கிற வேலையை அது செய்யவில்லை. டெனசியில் அந்த வேலையை ஒரு பயிற்றுவிப்பாளர் செய்தார்.

இதை வாசிக்கிற நீங்கள் உங்கட பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியை நினைத்துப் பாருங்கோ. அதைப் பயிற்றுவிக்கிறது யார்? அவருக்கு எவ்வளவு கொடுக்கினம்? நாளைக்கு அந்தச் சம்பளம் பத்து மடங்கானால், அந்தக் கதிரையில் யார் இருப்பினம்?