வீட்டு விஸ்தரிப்பும் அநுமதிச் சட்டமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு வீடு ஒரே வருஷத்தில் எழும்பி அதே வடிவில் நின்றுவிடுவதென்பது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் குடும்பங்களின் வழக்கமன்று. தகப்பனார் காலத்தில் ஓட்டு வீடாக இருந்தது, மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பின்கட்டில் ஒரு சார்ப்பு இறங்கி, கையில் நாலு காசு சேர்ந்தபோது ஓடு பிரிக்கப்பட்டுத் தளம் போடப்பெற்று, அதன்மேல் ‘ஒரு ரூம் எடுக்கப்பட்டு’, பேரன் காலத்தில் தெருப் பக்கம் ஒரு கடையாகவும் திறந்துகொள்வதே பெரும்பாலும் அதன் சரித்திரம். இவ்வாறு சிறுகச் சிறுக வளரும் வீட்டைச் சட்டம் எப்படி நோக்கி வந்திருக்கிறது என்று ஆராயப் புகுந்தால், கெடுபிடியிலிருந்து தாராளத்தை நோக்கிய நேர்வழிப் பிரயாணமாக அது தோன்றவில்லை. ஆதியில் இருந்த தாராளம் இடையில் குன்றி, மன்னிப்பென்னும் வேஷத்தில் சில காலம் நடமாடி, அண்மையில்தான் அநுமதி என்ற தன் சொந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கிறது.

விழுப்புரம் 1919-இல் நகராட்சியாயிற்று. மறு வருஷமே, 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஸ்தானத்தில், 1920-ஆம் ஆண்டுச் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் பிறந்தது. புதிதாகக் கட்டுவதற்குரிய விதிகள் கட்டடத்தை மாற்றுவதற்கும் அதனோடு சேர்த்துக் கட்டுவதற்கும் பொருந்தும் என்று விதித்த அச்சட்டம், கட்டடத்தின் இருப்பிடத்தையோ அறைகளின் அளவையோ பாதிக்காத அவசியமான பழுதுபார்ப்பு மாற்றமாகக் கருதப்படாது என்று விலக்கும் அளித்தது. குடிசைக்கும் ஏனைய கட்டடங்களுக்கும் வெவ்வேறு விதிகளை வகுத்தது. தெருவை நோக்கி நீளும் வராந்தாவையும் வெயில் மறைப்பையும் லைசென்ஸ் பெற்று வைத்துக்கொள்ள இடந்தந்தது. எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது தாமதத்தைப் பற்றிய ஏற்பாடு: நிர்வாக அதிகாரி குறித்த காலத்துக்குள் உத்தரவிடாமற்போனால் மனுதாரர் நகரசபைக்கே எழுதலாம்; சபையும் குறித்த தவணைக்குள் வாய் திறவாவிட்டால் அநுமதி வழங்கப்பட்டதாகவே பாவிக்கப்படும். அந்நிய ஆட்சியின் சட்டசபை பிரஜைகள்மீது கொண்ட பிரீதியால் இதைச் செய்ததாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் அதிகாரியின் மௌனத்துக்கு வீட்டுக்காரன் பலியாகலாகாது என்னும் நியாயம் அதில் எழுத்திலேயே இருந்தது. இச்சட்டம் 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நூறாண்டுக்குமேல் ஜீவித்திருந்தது.

நகரமைப்பு என்னும் சாஸ்திரம் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு இயற்றப்பட்ட 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டடத்தின் சுகாதாரத்தோடும் உறுதியோடும் நில்லாமல், நிலத்தின் உபயோகத்தையே அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஆகவே நகராட்சியின் கட்டட அநுமதியோடு திட்ட அநுமதி என்னும் இரண்டாவது கதவும் வீட்டுக்காரனுக்கு எதிரே நின்றது. சாலையின் அகலத்துக்கேற்ப முன்புறத்திலும், மனையின் அகலத்துக்கேற்பப் பக்கங்களிலும் இடம் விடவேண்டுமென்ற விதி, சுவரோடு சுவர் ஒட்டிய பழந்தெருக்களுக்கு எவ்விதம் பொருந்தும் என்ற கேள்விக்குத் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்ற விலக்கே விடையாயிற்று. திண்டிவனத்தின் நிலைமை வேறு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் அவ்வூரைச் சுற்றி வயல்கள் மனைகளாயின. ‘அப்ரூவல்’ இல்லாத மனையில் எழும்பிய வீட்டுக்கு மாடி எடுக்க அநுமதி கேட்பதென்றால், அந்த வீடு நிற்பதையே முதலில் நியாயப்படுத்தியாக வேண்டும்.

விதியும் வாழ்க்கையும் விலகிய இந்த இடைவெளியை நிரப்ப அரசு கண்ட உபாயம் பின்னோக்கிய மன்னிப்பு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, கட்டணம் பெற்றுக்கொண்டு விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த வகைசெய்தது. உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஒருமுறைச் சலுகையாக ஏற்றுக்கொண்டது. கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டிய திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் செல்லாதென்றது. பிறகு 2007 ஜூலை 1-ஐ எல்லையாகக் கொண்டு 113-சி பிரிவு வந்தது. அதற்குரிய விதிகள் 2017-இல்தான் வெளியாயின. அதே ஆண்டில் அங்கீகாரமற்ற மனைகளுக்கும், 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாக வைத்து, ஒரு வரன்முறைத் திட்டம் பிறந்தது. முன்கூட்டி அநுமதி கேட்டு அலைந்தவனைவிடக் கேளாமற் கட்டிவிட்டுக் காத்திருந்தவனே சமர்த்தன் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியதற்கு இந்த வரிசையைக் காட்டிலும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இங்கிலாந்தில் நேர்ந்தது இதற்கு மாறானது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலத்தை மாற்றுவதற்கெல்லாம் அநுமதி வேண்டுமென்றாக்கிய அந்நாடு, மறு வருஷமே பொது ஆணையொன்றால் சிறிய வீட்டு விஸ்தரிப்பை அந்நிர்ப்பந்தத்திலிருந்து விடுவித்தது. பின்புறம் ஒற்றைத் தளமாக நீட்டிக்கொள்ளும் அளவை 2013-இல் தாற்காலிகமாக இருமடங்காக்கி, 2019-இல் அதையே நிரந்தரமாக்கிற்று. தாராளம் அங்கே முன்னதாகவே எழுதப்பட்டது.

தமிழகத்தில் 2019 பிப்ரவரி 4-இல் வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், நகராட்சிக்கொன்றும் ஊராட்சிக்கொன்றுமாகச் சிதறிக்கிடந்தவற்றைத் தொகுத்தன. 2024 ஜூலையில் சுயசான்று முறை துவங்கியது: 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில், 3,500 சதுர அடிவரை, தரைத்தளமோ தரைத்தளத்தோடு ஒரு மாடியோ ஆக, ஏழு மீட்டருக்கு மேற்படாமல் கட்டும் வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அநுமதி கிடைக்கும் என்றும், ஸ்தல விசாரணையும் முடிவுச் சான்றிதழும் வேண்டாமென்றும் அப்போது விதிக்கப்பட்டது. 1920-இல் மௌனத்தைச் சம்மதமாகப் பாவித்த அதே நியாயம், காத்திருக்கும் தவணையையும் களைந்துவிட்டு மறுபடி வந்திருக்கிறதென்றே கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சலுகை புது மனையில் வீடு கட்டுபவனை மனத்திற் கொண்டு வரையப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாடியுள்ள வீட்டின்மேல் இரண்டாம் மாடி எடுக்க விரும்பும் விழுப்புரத்துக் குடும்பம் 2024-இல் வகுத்த அவ்வரம்புக்குள் அடங்கவில்லை. பாட்டனார் காலத்துக் கூட்டுப் பட்டாவும், வரைபடமே இல்லாத பழைய கட்டடமும் கொண்டவர் எதை ஆதாரமாக வைத்துத் தமக்குத் தாமே சான்றளிப்பார்? சான்று பொய்யென்று தெரிந்தால் அநுமதி ரத்தாகும். அநுமதியில்லாத கட்டடத்தை அகற்றும்படி உத்தரவிட அதிகாரமளிக்கும் 56-ஆம் பிரிவோ, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.