நடுக்கடலில் நின்ற இயந்திரம்

விமான வரலாற்றை எழுதுவோர் 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாளைச் சிறப்பித்துக் கூறுவர். பிரெஞ்சு நாட்டினரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த நாள் அது. அதற்கு ஆறு நாள் முன்னரே அக்கால்வாயின் மீது பறந்து, இயந்திரம் நின்றுவிட்டமையால் கடலில் இறங்கிய ஹூபர்ட் லாத்தம் என்பாரை அறிந்தோர் சிலரே. அவர் பெற்ற தோல்வியும் கற்கத்தக்க பாடமே.

கால்வாயை முதலில் விமானத்தில் கடப்பவருக்கு 1,000 பவுன் பரிசளிப்பதாக இலண்டன் 'டெய்லி மெயில்' நாளிதழ் அறிவித்திருந்தது. பிரான்சின் கலே நகருக்கு அருகிலுள்ள சங்காத் என்னும் ஊரில் லாத்தம் பாசறை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 26. விமானம் ஓட்டக் கற்றதும் அவ்வாண்டிலேதான். எனினும், ஜூன் திங்களில் ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து பறந்து புகழ் பெற்றிருந்தார்.

அவர் ஏறிய 'அந்துவானெத்' விமானத்தையும் அதன் இயந்திரத்தையும் அமைத்தவர் லெவவாசர் என்னும் பொறியியலறிஞர். எட்டு உருளைகளும் ஏறத்தாழ 50 குதிரைத்திறனும் உடைய அவ்வியந்திரம் எடையில் குறைந்தது, அமைப்பில் நுட்பமானது. பெட்ரோலை ஒரு சிறு பம்பு நுண்ணிய துளைகளின் வழியே செலுத்தும். சிறிது அழுக்கு அடைத்தாலும் இயந்திரம் தடுமாறும். எடையைக் குறைத்ததற்கு அக்கால அறிஞர் கொடுத்த விலை இது.

ஜூலை 19ஆம் நாள் காலையில் லாத்தம் புறப்பட்டார். ஏறத்தாழ 8 மைல் சென்றதும் இயந்திரம் ஓய்ந்தது. இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால், இறக்கைகள் காற்றில் தாங்கும்; விமானம் சறுக்கி இறங்கும். லாத்தமும் அவ்வாறே இறக்கி, அலைகளின் மீது மெல்ல அமர்த்தினார். விமானம் மிதந்தது. 'ஆர்ப்பான்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்தபோது, அவர் கால்களை உயர்த்தி வைத்துக்கொண்டு சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். இடுக்கண் அழியாமை என்று வள்ளுவர் வகுத்த பண்புக்கு இஃதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

புதிய விமானம் வந்தது. 25ஆம் நாள் விடியலில் லாத்தத்தின் பாசறை உறங்கிக்கொண்டிருக்க, பிளேரியோ புறப்பட்டுவிட்டார். முன்னொரு பறப்பில் காலைச் சுட்டுக்கொண்டு ஊன்றுகோலுடன் நடந்த அவர், 25 குதிரைத்திறனே உடைய இயந்திரத்துடன் 36 நிமிடங்களில் டோவரை அடைந்தார். பரிசு போய்விட்டது. ஆயினும் 27ஆம் நாள் லாத்தம் மீண்டும் பறந்தார். டோவர் கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் இருக்கையில் இயந்திரம் மறுபடியும் நின்றது. மறுபடியும் கடலே அவரை ஏந்திக்கொண்டது.

அடுத்த திங்களில் ரேம்ஸ் நகரில் நடந்த விமானப் போட்டியில் 155 மீட்டர் உயரம் பறந்து, உயரத்திற்கான பரிசை அவர் வென்றார். 1912இல் ஆப்பிரிக்காவில் வேட்டைக்குச் சென்றவிடத்தே உயிர் நீத்தார். இரு முறையும் வானில் இயந்திரம் கைவிட்டபோது சாகாதவர் நிலத்தில் மாண்டது விந்தையே.

இன்று சிறு விமானம் ஓட்டப் பயில்வோர் யாவர்க்கும், இயந்திரம் நின்றபின் இறங்கும் முறை கட்டாயமாகக் கற்பிக்கப்படுகிறது. வேகத்தைக் காத்தல், இடத்தைத் தேர்தல், பதறாதிருத்தல் என்பனவே அதன் சாரம். கற்பிப்பார் ஒருவருமின்றி லாத்தம் இம்மூன்றையும் கடல்மேல் செய்து காட்டினார். பிளேரியோவின் வெற்றி, கடக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. லாத்தத்தின் தோல்வியோ, கடக்க இயலாதபோதும் உயிருடன் மீளலாம் என்று காட்டியது. பிந்திய பாடத்தால் உயிர் பிழைத்தோர் பலர்.