இலக்கத் தகட்டில் ஏறிய திருவெழுத்து

றொசல்லப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகை மும்மொழியில் ஓர் ஊரையே சொல்லும். காண்பார்க்கு ஐயம் நீக்குவதே குறியின் தொழில். 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து மோட்டார் வாகனங்களில் ஏறிய குறியோ வேறு தொழில் செய்தது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து நின்ற இடத்தைச் சிங்கள ‘ஸ்ரீ’ பற்றிக்கொண்டது.

திருமகளைக் குறிக்கும் மங்கலச் சொல் அது. நம்மவர் அழைப்பிதழிலும் தலைப்பில் நிற்பது. பகைக்கு இதனினும் பொருந்தாச் சொல்லைத் தேடிக் காண்டல் அரிது. நாட்டுடைமையான பஸ்வண்டிகள் 1958இல் அவ்வெழுத்துடன் வடக்கே வந்தபோது, தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதினர். அதுவும் கிரந்த எழுத்தே என்பதை அவ்வாரவாரத்தில் எண்ணியோர் சிலரே போலும்! தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது.

அவ்வாண்டு ஏப்ரலில், அட்டனுக்கு அப்பாலுள்ள பொகவந்தலாவையில், ஸ்ரீக் கிளர்ச்சியையொட்டிப் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டனர். தகடு பொருத்த வாகனமற்ற மக்கள்; 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையும் இழந்த மக்கள். அம்மாதம் 9ஆம் நாள், பிக்குமார் தம் இல்லத்தின்முன் திரண்டு நிற்க, பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்துடன் செய்த உடன்படிக்கையைக் கைவிட்டார். மே மாதத்திற் கலவரம் மூண்டது.

பின்னாளில் அவ்வெழுத்து அகன்று வெறுஞ் சிறுகோடு வந்தது; 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துக்களே மீண்டன.