ராஜாக்களின் வல்லூறும் ஒரு சின்னக் கீச்சானும்

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ராஜாக்களின் கையுறை மேல் ஒரு வல்லூறு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். வல்லூறை வைத்து வேட்டையாடியது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து இறங்கும் அந்தப் பறவையை முதலில் பிடித்தது யார்? எப்படி?

நெதர்லாந்தின் தெற்கே வால்கன்ஸ்வார்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. டச்சு மொழியில் 'வால்க்' என்றால் வல்லூறு. ஊர்ப் பெயரிலேயே தொழில்! இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பொரி வல்லூறுகள் இந்த ஊரைச் சுற்றியிருந்த மரமில்லாத புதர்வெளிகளைக் கடந்து போகும். அவற்றைப் பிடித்துப் பழக்கி அரண்மனைகளுக்கு விற்பதே பல குடும்பங்களின் பிழைப்பு.

கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து வளர்த்தால் சுலபம்தானே? சுலபம்தான், ஆனால் அதற்கு வேட்டையாடவே தெரியாது. வலசை வரும் பறவையோ காட்டிலேயே அந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மவுசு.

பிடிப்பவர் புல்கட்டிகளால் கட்டிய, பாதி மண்ணில் புதைந்த குடிசைக்குள் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவார். வெளியே ஒரு சிறு மண்மேட்டில், கயிற்றில் கட்டிய சாம்பல் கீச்சான் ஒன்று இருக்கும். அதுதான் காவல்காரன். மனிதக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வல்லூறு வரும்போதே கீச்சான் அலறிக்கொண்டு தன் பொந்துக்குள் ஓடிவிடும். லின்னேயஸ் இந்தக் கீச்சானுக்குக் 'காவலாளி' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தது சும்மா இல்லை.

உடனே உள்ளே இருப்பவர் ஒரு கயிற்றை இழுப்பார். தூரத்துக் கம்பத்தில் கட்டிய புறா ஒன்று படபடக்கும். அதைப் பார்த்து வல்லூறு இறங்கும். பிறகு பெட்டியிலிருந்து இன்னொரு புறா. வல்லூறு அதைக் கவ்விப் பிடித்துவிட்டால் எளிதில் விடாது. புறாவோடு சேர்த்து மெல்ல மெல்ல வலையின் நடுவுக்கு இழுத்து, வில் போல வளைந்த வலையைச் சட்டென்று மேலே கவிழ்ப்பார்கள். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு!

பிடிபட்டதும் இறகு ஒடியாமல் துணியில் சுற்றி, கண்ணை மறைக்கும் தோல் தொப்பி மாட்டுவார்கள். அதன் பிறகு பல வாரங்கள் கையிலேயே சுமந்து பழக்க வேண்டும்.

துப்பாக்கி வந்தது, அரசவைகள் சரிந்தன, புதர்வெளிகள் விளைநிலங்களாயின. அரச ஆதரவோடு 1839-ல் தொடங்கிய லூ வேட்டைக் கழகமும் 1855-ல் முடிந்தது. மோலன் குடும்பத்தார் மட்டும் 20-ம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை வலை விரித்தார்கள். ஊர் சுருட்டு செய்யப் போய்விட்டது.

இன்று பல நாடுகளில் வேட்டைக்கான வல்லூறுகளைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். காட்டுப் பறவைக்கு அது நல்லதுதான். ஆனால் ராஜாக்களின் அந்தக் கம்பீரத்துக்குப் பின்னால் ஒரு குடியானவனின் பொறுமையும், ஒரு சின்னக் குருவியின் பயமும் இருந்ததை எந்த ஓவியனும் வரைந்து வைத்ததாகத் தெரியவில்லை.