இருபத்துமூன்றுக்கு ஒன்று

ஒரு ஃபைனல். ஒரு பக்கம் இதுவரை 23 முறை கோப்பையை வென்ற டீம். அதிலும் கடைசி 14 வருஷமாக விட்டுக்கொடுக்காமல் வரிசையாக. இன்னொரு பக்கம் ஒரே ஒரு முறை வென்ற டீம், அதுவும் 18 வருஷத்துக்கு முன்னால். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால் கிரிக்கெட்டே தெரியாதவர்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனாலும் 1973 கோடை தொடங்கிய நேரத்தில் மெட்ராஸில் பலர் வேறு பதிலை நம்பினார்கள். நம்பியதற்குக் காரணமும் வைத்திருந்தார்கள். அந்தக் காரணம் தப்பாகவும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் வேடிக்கை.

பம்பாய் எதிர் தமிழ்நாடு. 1972-73 ரஞ்சி டிராபி இறுதி ஆட்டம், சேப்பாக்கத்தில்.

மயிலாப்பூரிலிருந்து சேப்பாக்கம் தூரமில்லை. சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் போதும், நடந்தே போய்விடலாம். ஆனால் மயிலாப்பூருக்கும் சேப்பாக்கத்துக்கும் உள்ள உறவு வெறும் தூரக் கணக்கு அல்ல. மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடு, லஸ்ஸில் இருந்த லஸ் ஹவுஸ் வீட்டுக்காரர். சேப்பாக்கம் மைதானம் அப்போது வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வசம் இருந்தது. ஆட வரும் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில்தான் மத்தியானச் சாப்பாடு என்பது அந்தக் காலத்துக் கதை. இதைப் பொறுக்காமல் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார் அவர். 'நீங்கள் ஒரு டீம், நாங்கள் ஒரு டீம், வாருங்கள் பார்க்கலாம்' என்று ஐரோப்பியர்களோடு ஒரு போட்டிக்கும் ஏற்பாடு செய்தார். 1908 கடைசியில் அந்த ஆட்டம் நடப்பதற்குச் சில நாட்கள் முன்பே இறந்துபோனார். பிறகு அதுதான் பொங்கல் சமயத்தில் நடக்கும் பிரசிடென்ஸி மேட்சாக வளர்ந்து 1952 வரை ஓடியது. பலமான எதிராளியை நம்ம ஊர் மைதானத்திலேயே சந்திக்கும் ஆசை, ஆக, இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல.

சரி, 1973க்கு வருவோம்.

பம்பாய் எப்படிப்பட்ட டீம்? 1958-59 சீசனில் கோப்பையை எடுத்தவர்கள் அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை. வடேகர், கவாஸ்கர், சோல்கர், அசோக் மன்கட் என்று அந்தக் காலத்து பம்பாய்ப் பட்டியலைப் படித்தால் பாதி இந்திய டீமைப் படித்த மாதிரி இருக்கும். வடேகர் அப்போது இந்தியாவுக்கே கேப்டன். 1971இல் வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் தொடரை வென்று வந்தவர். கவாஸ்கர் அந்த வெஸ்ட் இண்டீஸ் தொடரில் 774 ரன் அடித்தவர். பம்பாய் டீமில் இடம் பிடிப்பதைவிட இந்திய டீமில் இடம் பிடிப்பது சுலபம் என்று ஜோக் சொல்லலாம், சிரிப்பு வராது.

தமிழ்நாட்டுப் பக்கம்? மெட்ராஸ் என்ற பெயரில் ஆடிய காலத்தையும் சேர்த்தால் அதற்கு முன் நான்கு ஃபைனல். 1935-36இல் டெல்லியில் பம்பாயிடம் 190 ரன்னில் தோல்வி. 1940-41இல் சொந்த ஊரிலேயே மகாராஷ்டிராவிடம் தோல்வி. 1967-68இல் மறுபடி பம்பாய். ஆட்டம் டிரா, முதல் இன்னிங்ஸ் லீடில் கோப்பை அவர்களுக்கு. வெற்றி ஒன்றே ஒன்று, 1954-55.

இந்த ஒன்றைத்தான் மெட்ராஸ் ரசிகர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் உண்டு. அன்று எதிராளி ஹோல்கர் அணி. இந்தூரில், அவர்கள் மண்ணில் ஆட்டம். முஷ்டாக் அலி, சர்வாதே எல்லாம் இருந்த டீம். நான்கு முறை கோப்பை வென்றவர்கள். அங்கே பாலு அளகன்னன் தலைமையில் போன மெட்ராஸ் 46 ரன்னில் ஜெயித்தது. கிருபால் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் நின்று ஆடினார். அவர் அப்பா ராம் சிங்கை மெட்ராஸில் யாரும் மறக்க முடியாது. அவர் கதை கீழே வருகிறது.

பலமான டீமை ஒருமுறை வீழ்த்தியவன் மறுமுறையும் வீழ்த்தலாம். இது முதல் நம்பிக்கை. கொஞ்சம் பலவீனமான நம்பிக்கைதான், பதினெட்டு வருஷம் பழசு.

இரண்டாவது நம்பிக்கை கெட்டியானது. அது பிட்ச்.

கிரிக்கெட்டில் மட்டும் இருக்கும் விசித்திரம் இது. ஃபுட்பால் மைதானம் எங்கே போனாலும் புல்தான். கிரிக்கெட்டில் நடுவில் இருக்கும் 22 கஜ மண், ஊருக்கு ஊர் வேறு ஜாதி. அதைத் தயார் செய்பவர்களும் உள்ளூர்க்காரர்களே. உள்ளூர் டீமின் பலம் எதுவோ அதற்கு ஏற்ற மண் கிடைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். தமிழ்நாட்டின் பலம் ஸ்பின். வெங்கட்ராகவன் 1965இல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்த ஆஃப் ஸ்பின்னர். கூடவே லெக் ஸ்பின்னர் வி.வி. குமார். இரண்டே டெஸ்ட் ஆடிய பாவத்துக்கு முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்து வைத்த மனிதர். (அந்தக் காலத்தில் இந்தியாவில் ஸ்பின்னராகப் பிறப்பதே துரதிர்ஷ்டம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று நான்கு பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.)

சேப்பாக்கத்து மண் என்ன செய்யும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டமே இங்கேதான், 1934 நவம்பர் 4ஆம் தேதி, மெட்ராஸ் எதிர் மைசூர். மைசூர் 48க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அவ்வளவு பின்னால் போக வேண்டியதில்லை என்றால் 1973 ஜனவரியையே எடுத்துக்கொள்ளலாம். ஃபைனலுக்குச் சில மாதம் முன்பு இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட். ஜெயிக்க வேண்டியது வெறும் 86 ரன். அதை எடுப்பதற்குள் இந்தியாவுக்கு ஆறு விக்கெட் போய்விட்டது. அந்த இந்திய டீமுக்குக் கேப்டன் வடேகர். டீமில் கவாஸ்கரும் இருந்தார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பந்து திரும்பும் மண், வெங்கட், வி.வி. குமார், சின்ன இலக்கே மலையாகத் தெரியும் மைதானம். பம்பாயை 150க்குள் சுருட்டினால் போதும். மயிலாப்பூர் மாட வீதித் திண்ணைகளிலும் லஸ் கார்னர் பஸ் ஸ்டாண்டிலும் இந்தக் கணக்கைப் போட ஒருவருக்கும் பேப்பர் பேனா தேவைப்பட்டிருக்காது.

கணக்கு பலித்தது. அப்படியே, கிட்டத்தட்ட ரன் பிசகாமல்.

பம்பாய் முதல் இன்னிங்ஸில் 151. இரண்டாவது இன்னிங்ஸில் 113. கவாஸ்கரும் வடேகரும் இருந்த தலைமுறை, இரண்டு முறை ஆடியும் மொத்தம் 264 ரன். போதாததற்கு, தமிழ்நாட்டின் கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் எடுத்தார். ஸ்பின்னருக்குப் போட்ட பிட்சில் ஒரு மிதவேகப் பந்துவீச்சாளர்! ரஞ்சி ஃபைனலில் அதற்கு முன் யாரும் ஹாட்ரிக் எடுத்ததில்லை. அதற்குப் பிறகும் 2017-18 சீசனில் விதர்பாவின் ரஜ்னீஷ் குர்பானி வரும்வரை இன்னொருவர் எடுக்கவில்லை. 14 வருஷ சாம்பியனை இப்படிக் குப்புறத் தள்ளும் ஆட்டம் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், எந்த மெட்ராஸ் ரசிகரும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

தமிழ்நாடு எடுத்தது 80. பிறகு 61. தோல்வி 123 ரன்னில்.

கணக்கில் விட்டுப்போன பெயர் பத்மாகர் சிவால்கர். இடதுகை ஸ்லோ ஸ்பின்னர். முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். மொத்தம் 34 ரன்னுக்கு 13 விக்கெட். கவாஸ்கரையும் வடேகரையும் எப்படி அவுட் ஆக்குவது என்று யோசித்த ஊர், பேட்டிங்கில் கடைசியாக வரும் ஒருவரை யோசிக்கவில்லை. வெங்கட்டுக்குத் திரும்பும் மண் சிவால்கருக்கும் திரும்பும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நம்ம பிட்ச் என்று சொல்லிச் சொல்லி, அது நம் பேச்சை மட்டும் கேட்கும் என்று நம்பிவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பம்பாய் பேட்ஸ்மேன்களுக்கு மோசமான பிட்ச் புதிதே இல்லை. அங்கே 1948 முதல் காங்கா லீக் என்று ஒன்று நடக்கிறது. மழைக்காலத்தில், மூடாத பிட்சில், சேற்றிலும் ஈரத்திலும் ஆடுவார்கள். பந்து எகிறும், திடீரென்று தாழும், நின்று வரும். அதில் 30 ரன் எடுப்பவன் அங்கே பெரிய ஆள். அப்படி வளர்ந்தவர்களுக்கு 151 ரன் கேவலமான ஸ்கோர் அல்ல, அந்த மண்ணில் அது ஜெயிக்கிற ஸ்கோர். முதல் இன்னிங்ஸ் முடிந்தபோது பம்பாய்க்கு 71 ரன் முன்னிலை. நல்ல பிட்சில் 71 ரன்னுக்கு மதிப்பே இல்லை. இங்கே அதுவே ஆட்டம்.

பிட்சை இப்படிப் போட்டது தப்பு என்று பின்னால் பேசுவது சுலபம். ஆனால் நல்ல பேட்டிங் பிட்ச் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பம்பாய் 500 அடித்துவிட்டு முதல் இன்னிங்ஸ் லீடில் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிருக்கும். 1967-68இல் லீடில்தானே போனது. பலம் குறைந்தவனுக்கு ஆட்டம் சின்னதாக இருக்க வேண்டும். ஆட்டம் நீள நீளப் பலசாலியின் பலம்தான் வெளியே வரும். அந்த வகையில் மெட்ராஸ் எடுத்த முடிவில் புத்திசாலித்தனம் இருந்தது. இருந்த ஒரே கதவைத்தான் திறந்தார்கள். அந்த வழியாக சிவால்கர் முதலில் உள்ளே வந்துவிட்டார்.

ஆட்டம் எவ்வளவு சின்னதாகப் போனது என்றால், மூன்றாம் நாள் முதல் பந்தில் முடிந்தது. இரண்டு நாளும் ஒரு பந்தும். அந்தக் காலையில் சாந்தோம் பக்கமிருந்தோ திருவல்லிக்கேணி பக்கமிருந்தோ ஐந்து நிமிஷம் தாமதமாக வந்து சேர்ந்தவர், கேட்டுக்குள் நுழையும்போதே எதிரே கூட்டம் வெளியே வருவதைப் பார்த்திருப்பார்.

பம்பாய்க்கு இது தொடர்ந்து 15ஆவது கோப்பை. மொத்தத்தில் 24ஆவது. சிவால்கர் கடைசிவரை இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பேடி இருக்கும்வரை இடதுகை ஸ்பின்னருக்கான இடம் காலியாகவே இல்லை. முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட்டோடு முடித்துக்கொண்டார். 2025 மார்ச்சில் இறந்தார். வி.வி. குமாரின் 599க்கும் இவருடைய 589க்கும் பத்து விக்கெட்தான் வித்தியாசம். சேப்பாக்கத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் ஒரே வரிசையில் காத்துக்கிடந்தவர்கள்.

மெட்ராஸ்காரர்களுக்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் கூடுதல் வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். 1973-74 அரையிறுதியில் பம்பாயின் ஓட்டத்தை நிறுத்தியது கர்நாடகா. பக்கத்து வீடு! விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106 அடித்துப் பெரிய ஸ்கோர் வைத்தார்கள். பிரசன்னா கவாஸ்கரை போல்டாக்கினார். முதல் இன்னிங்ஸ் லீடில் பம்பாய் வெளியே. ஆட்டத்தைச் சுருக்காமல், பம்பாயின் பாணியிலேயே நிறைய ரன் அடித்து பம்பாயைத் தோற்கடித்தார்கள். அதற்கு விஸ்வநாத் வேண்டும் என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டுக்கு இரண்டாவது கோப்பை வர 1988 ஆனது. அதுவும் சேப்பாக்கம், அதுவும் ஃபைனல். ஆனால் இந்த முறை தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது. எதிரே ரயில்வேஸ், அவர்களுக்கு அதுதான் முதல் ரஞ்சி ஃபைனல். தமிழ்நாடு ஒரே இன்னிங்ஸில் 709 அடித்தது. ரயில்வேஸ் 317, பிறகு 248. இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசம். கோப்பையை வாங்கிய கேப்டன் எஸ். வாசுதேவன், ஒரு இடதுகை ஸ்பின்னர்.