காலாவதியான ஃபிலிமும் பனியில் கிடந்த தகர டப்பாவும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பழைய பழக்கத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். ஊரில் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களாம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அவன் அப்பாவின் ஃபிலிம் ரோல் ஒன்று கிடைத்திருக்கிறது. கழுவாத ரோல். கூடவே கிடந்த அட்டைப் பெட்டியில் 1997 என்று தேதி. அப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது. அதில் என்ன படம் இருக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"தேதி முடிஞ்சு போச்சே டீச்சர், தூக்கிப் போட்டுடவா?" என்றான்.

"போடாதேடா, நான் சொல்ற வரைக்கும் அதை அப்படியே வை" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

1897 ஜூலை 11. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள். அங்கிருந்து சுவீடன் நாட்டுக்காரர்கள் மூன்று பேர் ஹைட்ரஜன் பலூனில் ஏறி வட துருவத்துக்குப் புறப்பட்டார்கள். தலைவர் ஆந்த்ரே, பொறியாளர். கூடச் சென்றவர்கள் ஃப்ரெங்கல், ஸ்ட்ரிண்ட்பெர்க். இதில் ஸ்ட்ரிண்ட்பெர்க்குக்கு 24 வயதுதான். கல்யாணம் நிச்சயமான பையன். படம் எடுக்கும் பொறுப்பு அவருடையது.

பலூன் மூன்றே நாளில் கடல்மேல் உறைந்து கிடந்த பனிப்பரப்பில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சுற்றிலும் பனியைத் தவிர ஒன்றுமில்லை. படகையும் சாமான்களையும் சறுக்கு வண்டிகளில் வைத்து இழுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பனியில் அல்லாடினார்கள். பனிப்பாளமோ கடலோடு நகர்ந்துகொண்டே இருந்தது. இவர்கள் ஒரு பக்கம் நடந்தால் அது இன்னொரு பக்கம் கொண்டுபோகும். அக்டோபர் தொடக்கத்தில் க்விட்டோயா என்ற தீவில் கரை ஏறினார்கள். வெள்ளைத் தீவு என்று பொருள். அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று 33 வருடம் உலகத்துக்குத் தெரியாது.

1930 ஆகஸ்டில் 'பிராட்வாக்' என்ற நார்வே கப்பல் அந்தத் தீவுக்குப் போனபோதுதான் அவர்களுடைய முகாம் கண்ணில் பட்டது. ஆந்த்ரேயின் நாட்குறிப்பு கிடைத்தது. அடுத்த மாதம் பத்திரிகைக்காரர்கள் அமர்த்திய இன்னொரு கப்பல் போய் மேலும் தேடியது. அப்போது ஒரு தகர டப்பா அகப்பட்டது. அதற்குள் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ஃபிலிம்.

நினைத்துப் பாருங்கள். 33 வருடம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த ஃபிலிம். நம்மில் யாராவது அதைக் கண்டிருந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு ஃபிலிமைக் கொட்டியிருப்போம். ஆனால் ஸ்டாக்ஹோமில் உள்ள ராயல் தொழில்நுட்பக் கல்லூரியில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அதை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். 240 படம் எடுக்க இடமிருந்த ஃபிலிமிலிருந்து 93 படங்களை மீட்டுக் கொடுத்தார்.

அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூன், அதைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு பேர். மூன்றாவது ஆள் படத்தில் இல்லை, கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். எல்லாப் படத்திலும் புள்ளியும் கறையும் உண்டு. அவருக்கு நிச்சயித்த பெண், அன்னா சார்லியர், 1930இல் உயிரோடு இருந்தார். இங்கிலாந்துக்காரர் ஒருவரைத் திருமணம் செய்திருந்தார். அந்தப் படங்கள் வெளிவந்தபோது எப்படித் தாங்கினாரோ, அந்த அம்மா.

சரி, 33 வருடம் படம் எங்கே இருந்தது? எட்டாம் வகுப்பு அறிவியல்தான், பயப்படாதீர்கள். ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் உருவாகும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத படம் அது. கழுவும்போது, அந்த அணுக்கள் இருக்கும் படிகம் முழுவதையும் மருந்து வெள்ளியாக மாற்றிவிடும். படம் தெரியும். சூடும் ஈரப்பதமும் நாளாக நாளாக இரண்டு கெடுதல் செய்யும். அந்தச் சில அணுக்களை அழிக்கும். வெளிச்சமே படாத படிகத்தையும் கழுவும்போது கறுக்க வைக்கும். குளிர் இரண்டையும் மெதுவாக்கும். ஆர்க்டிக் குளிர்தான் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் படங்களைக் காப்பாற்றியது.

பெட்டியில் அச்சடிக்கும் தேதி வேறு விஷயம். சரியாக வைத்திருந்தால் அதுவரைக்கும் வேகமும் நிறமும் சொன்னபடி இருக்கும் என்று கம்பெனி தரும் உறுதி அது. மாத்திரை அட்டைத் தேதி மாதிரி பயப்பட வேண்டியதில்லை. தேதி தாண்டினால் ஃபிலிமின் வேகம் குறையும். அதனால் பழைய ஃபிலிமில் படம் எடுப்பவர்கள் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிக் கொடுப்பார்கள். கறுப்பு வெள்ளை அதிகம் தாங்கும். கலரில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி அடுக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கெடும். அதனால்தான் பழைய கலர் ரோலில் எடுத்த படத்தில் எல்லார் முகமும் ஒரு மாதிரி நிறத்தில் இருக்கும்.

நம் ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தார்கள் என்பது இளையவர்களுக்குத் தெரியுமா? இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அங்கே இந்து நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. மலைக்குளிர் அந்தத் தொழிலுக்குத் தோதானது. எந்தக் கம்பெனி ஃபிலிமாக இருந்தாலும் கீழே நம் ஊருக்கு வந்ததும் கடைக் கண்ணாடி அலமாரியில் வெயில் காய வேண்டியதுதான்.

1993இல் எட்டாம் வகுப்பு தஞ்சாவூர் சுற்றுலா போனவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று தேதி போன கலர் ரோல் வாங்கினேன். பெரிய கோயில் முன்னால் நின்ற 41 பேரும் சாம்பல் பூசினாற்போல வந்தீர்கள். காசு கொடுத்த பிள்ளைகளுக்குப் பிரிண்ட் கொடுக்க வெட்கமாக இருந்தது. தேதியைத்தான் அன்று திட்டினேன். அது எத்தனை கோடை அந்த அலமாரியில் இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆக, என் மாணவனிடம் பொய் நம்பிக்கை எதுவும் சொல்லவில்லை. அவன் வீட்டுப் பரண் வெள்ளைத் தீவு அல்ல. ஓட்டுக்குக் கீழே கால் நூற்றாண்டு வெந்த ரோல். ஒன்றுமே வராமல் போகலாம். ஒரு நிழல் மட்டும் வரலாம். ஆனால் கழுவிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

இதுபோல் உங்களிடமும் இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரோலின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் படம் எடுக்காதது. முழுவதும் உள்ளே போயிருந்தால் எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இழுத்துப் பார்க்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காதீர்கள், வேர்த்துவிடும். பெரிய நகரங்களில் இன்னும் ஃபிலிம் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வருட ரோல், எங்கே கிடந்தது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். ரொம்பப் பழைய கலர் ரோலைக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் சில சமயம் உருவமாவது கிடைக்கும். நிறம் போனால் போகட்டும்.

அவன் நேற்று கூரியரில் அனுப்பிவிட்டான். பதில் வர மூன்று வாரம் ஆகுமாம்.

உறவினர்களுக்கு ஒரு கேள்வி. பெரியப்பா வைத்திருந்த தோல் உறை போட்ட கேமரா இப்போது யார் வீட்டில் இருக்கிறது? பாட்டியின் சதாபிஷேகத்துக்கு அதில்தான் எடுத்தார், படம் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. பின்பக்கத்தைத் திறக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள்.