விருதுநகர் பொரிச்ச பரோட்டா, சிக்கன் சால்னா: கிரீம் இல்லாமலே கெட்டியாக வருவது எப்படி? வீட்டில் செய்யும் முறை

சிக்கன், பாஸ்தா, கிரீம் சேர்த்த சூப் இப்போது ஊர் ஊராக கஃபே மெனுவில் வந்துவிட்டது. விருதுநகர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. கறி வெந்த சாறு, அதைக் கெட்டியாக்கும் ஒரு விழுது, அதில் ஊறும் மைதா. பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சிக்கன் சால்னா ஊற்றினால் கிடைப்பதும் இதே கணக்குதான். வித்தியாசம், இதில் ஒரு சொட்டு கிரீம் கிடையாது.

கிரீம் இல்லாமல் அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது, வீட்டில் செய்தால் ஏன் பல நேரம் தண்ணியாகவோ திரிந்தோ போகிறது, பொரித்த எண்ணெயை என்ன செய்வது? விவரமாகப் பார்க்கலாம்.

பொரிச்ச பரோட்டா என்றால் என்ன?

மதுரைப் பக்கம் கிடைக்கும் மெதுவான பரோட்டா இல்லை இது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். எண்ணெய் தேங்கி நிற்கும் பெரிய கல்லில் போட்டு, மேல்பக்கம் மொறுமொறு என்று ஆகும்வரை பொரித்து எடுப்பார்கள். எண்ணெய் பரோட்டா என்றும் பெயர் உண்டு. விருதுநகரில் பர்மா கடை இதற்குப் பேர் போனது. சாயங்காலம் ஆனால் ஊரில் பல கடைகளில் கல் சூடாகிவிடும்.

இந்த ஊரில் இது பிரபலமானதில் ஆச்சரியம் இல்லை. விருதுநகர் வியாபார ஊர். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு வகைகள், எண்ணெய் எல்லாவற்றுக்கும் மொத்த விலை பேசுகிற இடம். நாளிதழ்களில் 'விருதுநகர் மார்க்கெட்' விலை நிலவரம் தனியாகவே வரும். சால்னாவுக்கு வேண்டிய பாதிச் சாமான் ஊர்ச் சந்தையிலேயே இருக்கிறது.

சால்னா கெட்டியாவது எதனால்?

மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது எலும்பு. எலும்போடு கறியை மெதுவாக வேகவிட்டால் அதிலிருக்கும் ஜவ்வுப் பகுதி கரைந்து சாறு லேசாக ஒட்டும் பதத்துக்கு வரும். எலும்பில்லாத துண்டு வாங்கினால் இது கிடைக்காது.

இரண்டாவது தேங்காய், முந்திரி, கசகசா அரைத்த விழுது. பால் கிரீம் என்பது தண்ணீருக்குள் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் மிதக்கும் கலவை. தேங்காயை நைசாக அரைத்தாலும் அதேதான் நடக்கிறது. அதனால்தான் நாக்கில் அந்த வழவழப்பு.

மூன்றாவது பொட்டுக்கடலை. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அதிலிருக்கும் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை இழுத்து உப்பி, கொழுப்பும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரியாமல் பிடித்துவைக்கும். ஒரு மேசைக்கரண்டி போதும். கூடினால் சால்னா மாவுக் கஞ்சி ஆகிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மசாலா கொடுத்தனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா போன்ற நாடுகளுக்குக் கசகசா கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதற்குப் பதில் இரண்டு முந்திரி கூடுதலாகப் போட்டாலே போதும்.

சால்னா செய்வது எப்படி? நாலு பேருக்கு

எலும்போடு சிக்கன் அரை கிலோ. பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவினால் தண்ணீர் தெறித்து, கிருமிகள் சிங்க், பாத்திரம், பக்கத்தில் இருக்கும் காய்கறி என்று பரவும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசிவிட்டு, கையையும் சிங்க்கையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். காய்ந்ததும் பட்டை, இரண்டு கிராம்பு, ஏலக்காய், கொஞ்சம் கல்பாசி, அரை டீஸ்பூன் சோம்பு. கல்பாசி இல்லை என்றால் அந்தக் கடை வாசனை வராது, ருசி கெடாது. இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. வெங்காயம் சரியாக வதங்காத சால்னாவில் கடைசிவரை ஒரு பச்சை இனிப்பு நிற்கும்.

பிறகு ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, ஒரு கைப்பிடி புதினாவும் மல்லித்தழையும், இரண்டு தக்காளி. தக்காளி குழைந்ததும் ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு டீஸ்பூன் மல்லித்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது கறியைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள்.

பிராய்லர் கோழி என்றால் மிதமான தீயில் 25 நிமிடம். நாட்டுக்கோழி என்றால் குக்கரில் ஆறேழு விசில் வேணும். கறியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது கணக்கு. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், எலும்பை ஒட்டிய இடத்தைப் பிய்த்துப் பாருங்கள். சிவப்பு தெரிந்தாலும், சதை எலும்பை விடாமல் பிடித்திருந்தாலும் இன்னும் வேக வேண்டும்.

கறி வெந்த பிறகுதான் விழுது. அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஐந்து முந்திரி, ஊறவைத்த கசகசா ஒரு டீஸ்பூன், அரை டீஸ்பூன் சோம்பு. மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைய வேண்டும், திப்பி இருக்கக் கூடாது. இதை ஊற்றியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். பெரிய தீயில் தளதளவென்று கொதிக்கவிட்டால் தேங்காய் திரிந்து திப்பித் திப்பியாக நிற்கும். சின்னத் தீயில் பத்து நிமிடம், மேலே எண்ணெய் மிதந்து வந்தால் இறக்கலாம்.

கரண்டியில் எடுத்து ஊற்றினால் தடையில்லாமல் விழ வேண்டும். குருமா பதம் வந்துவிட்டால் அது சால்னா இல்லை. ஆறும்போது தானாகவே இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், அதனால் இறக்கும்போது சற்றுத் தளர்வாக இருப்பதே நல்லது.

பரோட்டாவை வீட்டில் பொரிக்க முடியுமா?

முடியும். 300 கிராம் மைதாவில் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, எண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் மூடிவையுங்கள். சின்ன உருண்டைகளாக உருட்டி இன்னும் அரை மணி நேரம். வீச வராதவர்கள் மெல்லிசாகத் தேய்த்து, கத்தியால் நீளவாக்கில் கீறி, சேர்த்துச் சுருட்டி வைத்தாலும் அடுக்கு வரும். உள்ளங்கை அளவுக்குத் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, அப்புறம் ஒரு விரற்கடை எண்ணெயில் மிதமான தீயில் பொரியுங்கள். நேரம் இல்லையா, கடையில் சாதா பரோட்டா வாங்கி வந்து பொரித்தாலும் மோசமில்லை.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது?

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தால் அது உடைந்து, உடம்புக்குக் கேடான பொருட்கள் சேரும். இதைத்தான் மொத்த போலார் சேர்மங்கள் என்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, இந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது, கண்ணும் மூக்கும்தான். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, அடுப்பில் வைத்த சீக்கிரத்திலேயே புகைந்தால் அதன் கதை முடிந்தது. ஒருமுறை பொரித்ததை வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். புது எண்ணெயைப் பழசோடு ஊற்றி 'சரிக்கட்டுவது' சரிக்கட்டல் ஆகாது.

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இன்னொன்று முக்கியம். மருந்து அறையில் வேலை பார்த்தவர்களின் கையிலும் துணியிலும் அலுமினியப் பவுடரும் கந்தகமும் ஒட்டியிருக்கும். அந்தத் துணியோடு அடுப்புப் பக்கம் நிற்பது ஆபத்து. அந்தக் கையோடு மாவு பிசைந்தால் பவுடர் சாப்பாட்டில் போகும். குளித்து, துணி மாற்றிவிட்டு அடுப்படிக்கு வாருங்கள். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

பரோட்டாவுக்குப் பதில் பாஸ்தா போடலாமா?

தாராளமாக. பிள்ளைகளுக்கு என்றால் மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, கொஞ்சம் மிளகுத்தூள் சேருங்கள். நாலு பேருக்கு 150 கிராம் மாக்கரோனி போதும். அதை உப்புத் தண்ணீரில் தனியாக, பாக்கெட்டில் போட்டிருப்பதை விட இரண்டு நிமிடம் குறைவாக வேகவைத்து வடித்துவிடுங்கள். சால்னாவிலேயே வேகவைத்தால் பாஸ்தா சாறு முழுவதையும் குடித்துவிடும், அரை மணி நேரத்தில் சூப் போய் உப்புமா நிற்கும். கிண்ணத்தில் பாஸ்தாவைப் போட்டு, மேலே சூடாகச் சால்னா ஊற்றுவதுதான் வழி.

தேங்காய் வேண்டாம், பால் ஊற்றப் போகிறோம் என்பவர்கள் தக்காளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புளிப்பு பட்டால் பால் திரியும். அரை கப் பாலில் ஒரு டீஸ்பூன் சோளமாவு கரைத்து, கடைசியில் சின்னத் தீயில் ஊற்றிக் கலக்கி, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிடுங்கள். சோளமாவு இருந்தால் பால் அவ்வளவு சுலபமாகத் திரியாது.

மிஞ்சியதை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

தேங்காய் சேர்த்தது சீக்கிரம் கெடும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். கெட்டியாகி இருந்தால் வெந்நீர் கொஞ்சம் விடுங்கள். காலையில் சுடச்சுட தோசைக்கு இந்தப் பழைய சால்னாவை மிஞ்ச வேறு தொட்டுக்கை இல்லை.